மூன்று கண் மதகு

எங்கள் கம்பெனி எப்படி ஆரம்பித்தது என்று யார் கேட்டாலும் நான் இரண்டு காரணம் சொல்வேன். ஒரு கட்சி உடைந்தது. என் அம்மாவும் அவளுடைய அண்ணனும் பேசிக்கொள்வதை நிறுத்தினார்கள். கேட்டவர்கள் சிரித்துவிட்டு, "இல்லைங்க மேடம், சீரியஸா சொல்லுங்க" என்பார்கள். எனக்கோ மூக்கு நுனியில் கோபம். சீரியஸாகத்தான் ஐயா சொல்கிறேன்! சரி, ஒருமுறை முழுசாக எழுதி வைத்துவிடுகிறேன். இனிமேல் யாராவது கேட்டால் இந்தத் தாள்களைக் கையில் கொடுத்துவிட்டு என் வேலையைப் பார்க்கப் போகலாம்.

கும்பகோணத்தில் கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் எங்கள் வீடு. முன்கட்டில் அப்பாவின் அச்சகம், பின்கட்டில் நாங்கள். காலால் மிதித்து ஓட்டும் மெஷின் ஒன்று, தாள் வெட்டும் மெஷின் ஒன்று, சுவரோரமாக எழுத்துப் பெட்டிகள். கல்யாணப் பத்திரிகை, காப்பிப்பொடிக் கடைக்கு நோட்டீஸ், வெற்றிலை மண்டிக்கு ரசீதுப் புத்தகம் எல்லாம் அடிப்போம். ஆனால் நான் சின்னப் பெண்ணாக இருந்த வருஷங்களில் எங்களுக்குச் சோறு போட்டது அரசியல்தான். ஆளும் கட்சிக்காரர்கள் வருவார்கள். எதிர்க்கட்சிக்காரர்கள் வருவார்கள். விவசாயத் தொழிலாளர் சங்கத்தின் சிவப்புக் கொடிக்காரர்கள் வருவார்கள். அவர்களுக்குப் பதில் சொல்ல மிராசுதார்களின் ஆட்களும் எங்களிடமே வருவார்கள். எல்லோரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, எதிரெதிர்ப் பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொண்டு, ப்ரூஃப் வருவதற்காகக் காத்திருப்பார்கள்.

ஒழிக என்று அடிக்கவும் ழ வேண்டும், வாழ்க என்று அடிக்கவும் ழ வேண்டும். தேர்தல் வந்தால் எங்கள் பெட்டியில் முதலில் தீர்ந்துபோகும் எழுத்து அதுதான். அப்பா கொஞ்சம்கூட அலட்டிக்கொள்ள மாட்டார். "அண்ணே, அவங்க வாழ்ந்து முடிச்சுக்கட்டும், அப்புறமா நீங்க ஒழிங்க" என்பார். பெஞ்சில் இருப்பவர்கள் எல்லோரும் சிரித்துவிடுவார்கள். சண்டைக்காரர்களைச் சிரிக்க வைப்பது அப்பாவுக்குக் கை வந்த கலை.

அம்மா பைண்டிங் பார்த்தாள். அட்டை வெட்டுவது, பசை காய்ச்சுவது, காலிகோ துணி ஒட்டுவது எல்லாம் அவள் ராஜ்யம். அவள் பிறந்த ஊர் வேளாங்கண்ணிக்குத் தெற்கே, கடல் இரைச்சல் கேட்கிற தூரத்தில் இருக்கிறது. காவிரித் தண்ணீர் கடைசியாகப் போய்ச் சேருகிற இடம். அதைத்தான் கடைமடை என்பார்கள். அப்பா பிறந்தது திருப்பனந்தாள் பக்கம். அங்கே மேட்டூர் திறந்தால் சீக்கிரமே வயலில் தண்ணீர் நிற்கும். அதனால் அப்பாவுக்கு எப்போதும் ஒரு மிதப்பு. சாப்பாட்டில் உப்புக் கூடினால்கூட, "கடைமடைக்காரி கை, உப்பு கரிக்கத்தானே செய்யும்" என்பார். "அந்த உப்பத்தான் இருவது வருசமா நக்கறீங்க" என்பாள் அம்மா. இப்படியே பொழுது போகும் வீடு எங்கள் வீடு.

இந்த வீட்டில் ஒரு விஷயத்தைப் பற்றி மட்டும் யாரும் கேலி பேசுவதில்லை. அம்மாவின் அண்ணன்.

எனக்குப் பன்னிரண்டு வயது இருக்கும்போது, ஒரு மிராசுதாரின் காரியக்காரர் வந்து ஒரு நோட்டீஸ் அடித்துக்கொண்டு போனார். இன்ன ஊரில் இன்ன சர்வே நம்பர் நிலத்தின் குத்தகை ரத்து, இன்னார் இனி நிலத்தில் கால் வைத்தால் சட்டப்படி நடவடிக்கை. அந்த இன்னார் என் மாமா. அவருடைய அப்பா, தாத்தா காலத்திலிருந்து அவர்கள் உழுத நிலம் அது. நோட்டீஸை மாமாவின் ஊர் மதகுச் சுவரில் கொண்டுபோய் ஒட்டினார்கள். எந்த நோட்டீஸாக இருந்தாலும் அடியில் அச்சகத்தின் பெயர் போட வேண்டும் என்பது சட்டம். மாமா தன் பெயரை மேலே படித்தார். தன் தங்கை வாழ்க்கைப்பட்ட அச்சகத்தின் பெயரைக் கீழே படித்தார்.

அடுத்த பஸ்ஸில் வந்து இறங்கினார். அப்பா, "சத்தியமா நான் படிக்கல மச்சான். கம்போசிட்டர் கோத்தான், மெஷின் ஓடுச்சு. கடுதாசி கொண்டாந்த தபால்காரன் மேல கோவிச்சுக்கலாமா?" என்றார். மாமா அம்மா கொடுத்த காப்பியைத் தொடாமல் எழுந்து போனார். அதோடு சரி.

அதற்குப் பிறகு பொங்கல் சீர் நின்றது. எங்கள் பக்கத்தில் கட்டிக்கொடுத்த பெண்ணுக்கு வருஷா வருஷம் பிறந்த வீட்டிலிருந்து அரிசி, வெல்லம், கரும்பு, மஞ்சள் கொத்து வரும். ஏழை பாழை வீட்டிலிருந்துகூட ஒரு கரும்பாவது வரும். எங்கள் வாசலில் ஒன்றும் வரவில்லை. மறு வருஷம் நான் பெரியவளானேன். தாய்மாமன் வந்து பட்டுப்பாவாடை கொடுத்து மாலை போட்டால்தான் அது சடங்கு. மாமா வரவில்லை. சித்தப்பா முறைக்காரர் ஒருவரைப் பிடித்து நிற்க வைத்தார்கள். நான் மணையில் உட்கார மாட்டேன் என்று போட்ட கூச்சல் சந்து முழுக்கக் கேட்டதாம். எனக்கு அப்பா மேலும் கோபம், மாமா மேலும் கோபம். இரண்டு ஆம்பளைகளும் முறைத்துக்கொண்டார்கள், மாட்டிக்கொண்டவர்கள் நானும் அம்மாவும்.

அம்மா அழவும் இல்லை, சண்டை போடவும் இல்லை. அப்பாவின் கண்ணுக்குத் தப்பி எங்கள் அச்சகத்திலிருந்து ஒரு வரி வெளியே போகாது என்பது அவளுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். கம்போசிட்டருக்கும் தெரியும். அப்பா தும்பைப்பூ மாதிரி வெள்ளையாகச் சொன்ன அந்தப் பொய்யை எல்லோரும் சேர்ந்து காப்பாற்றினோம். அழைக்காத வீட்டுக்கு நானாக எப்படிப் போவேன் என்று அம்மா ஒரே ஒரு தடவை சொன்னாள். பிறகு பேச்சே எடுக்கவில்லை.

ஆனால் ஆனி மாதம் மேட்டூர் திறந்த சேதி ரேடியோவில் வந்துவிட்டால் அவள் கை பசையில் இருக்கும், வாய் தனியாகப் பேசும். "இன்னிக்குக் கல்லணை தாண்டியிருக்கும்." நாலு நாள் கழித்து, "இன்னும் எங்க ஊருக்குப் போயிருக்காது." பத்து நாள் கழித்து, "பெரிய வாய்க்கால்ல எட்டிப் பாத்திருக்கும்." எந்த மதகில் எத்தனை நாள் நிற்கும், எங்கே ஆகாயத்தாமரை அடைத்துக்கொள்ளும், யார் ஊரில் யார் மடையை உடைப்பார்கள், எல்லாம் சொல்வாள். அவளால் போக முடியாத ஊருக்குத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது.

இந்த நிலையில்தான் கட்சி உடைந்தது.

ஆளும் கட்சியின் ஒரு பெரிய புள்ளி காலண்டருக்கு ஆர்டர் கொடுத்திருந்தார். இரண்டு தலைவர்கள் தோளில் கைபோட்டுச் சிரிக்கிற படம், கனமான அட்டை. அடித்து முடித்து அடுக்கி வைத்த சமயத்தில் அந்த இரண்டு பேரும் பிரிந்துவிட்டார்கள். இவருடைய ஆட்களும் எடுக்க மாட்டேன் என்றார்கள், அவருடைய ஆட்களும் எடுக்க மாட்டேன் என்றார்கள். பின்கட்டில் கூரை முட்ட அட்டை. நடக்க வழி இல்லை. அப்பா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். அம்மா ஒரு அட்டையை எடுத்துத் திருப்பினாள். பின்பக்கம் பளிச்சென்று வெள்ளை. "உன் ஜாமெட்ரி பாக்ஸ எடுத்துட்டு வா" என்றாள் என்னிடம்.

எனக்கு அப்போது பதினெட்டு நடந்துகொண்டிருந்தது. படிப்பு முடிந்து வீட்டில் சும்மா இருந்தேன். அம்மா மேல் மூலையில் அணை ஒன்று வரைந்தாள். அங்கிருந்து கட்டம் கட்டமாக வாய்க்கால் வளைந்து வளைந்து கீழே இறங்கியது. கீழ் மூலையில் தான் பிறந்த ஊரின் பெயரை எழுதி ஒரு மதகு போட்டாள், பக்கத்தில் இரண்டு தென்னை மரம், அப்புறம் கடல். நான் வண்ணம் தீட்டினேன். "என்னம்மா இது?" என்றேன். "தாயம் மாதிரி ஆடறது. தண்ணிய யாரு மொதல்ல கடைமடைக்குக் கொண்டு போறாங்கன்னு பாப்பமே" என்றாள்.

அப்பா பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "ஊரு உலகத்துல எல்லா ஆட்டத்துலயும் கீழேர்ந்து மேல ஏறுவாங்கடி. பரமபதத்துல மேல போனா சொர்க்கம். நீ மேலேர்ந்து கீழ எறக்கறியே!"

"தண்ணி மேல ஏறுமா? ஏத்திக் காட்டுங்க பாப்போம்."

அப்பா சட்டென்று அடுத்த குற்றத்துக்குப் போனார். அம்மா வைத்த விதிகளில் ஒன்று அவருக்குப் பிடிக்கவில்லை. ஆடுவதற்கு இரண்டு பித்தளைத் தாயக்கட்டைகள். ஒவ்வொரு கட்டையிலும் ஒரு பக்கம் ஒரு புள்ளி, ஒரு பக்கம் இரண்டு, ஒரு பக்கம் மூன்று, ஒரு பக்கம் வெறுமை. எல்லோருக்கும் முன்னால் போகிற ஆள் ஐந்து போட்டுவிட்டால் அவர் நகரக் கூடாது. தன் மடையை அடைக்க வேண்டும். அந்த ஐந்து கட்டமும் எல்லோருக்கும் பின்னால் கிடக்கிறவருக்குப் போகும். தண்ணீர் குறைந்த காலத்தில் மேலே இருக்கும் ஊர்கள் மடையை அடைத்துக் கீழே இருக்கும் ஊர்களுக்கு விட வேண்டும். அதற்கு முறை வைப்பது என்று பெயர். ஆட்டத்திலும் அதே பெயரைத்தான் அம்மா வைத்தாள்.

"முன்னாடி போறவன் எதுக்கு நிக்கணும்? அவன் சாமர்த்தியம், அவன் போறான்" என்றார் அப்பா.

"திருப்பனந்தாள் புத்தி" என்றாள் அம்மா.

முறை இல்லாமல் ஆடிப் பார்த்தோம். முந்தினவர் முந்திக்கொண்டே போனார், மற்றவர்களுக்குக் கொட்டாவி வந்தது. முறை வைத்து ஆடிப் பார்த்தோம். வீடு இரண்டுபட்டது. அப்பா கடைசிக் கட்டத்துக்கு முன்னால் ஐந்து போட்டுவிட்டுத் தொடையில் அடித்துக்கொண்டு கத்தினார். சாய்ந்து விழுந்த கட்டையைத் தனக்குச் சாதகமாகப் படிப்பதில் மனுஷர் மன்னன். "அது மூணு இல்ல, வெறும் பக்கம். நல்லாக் கண்ணத் தொறந்து பாருங்க" என்று எங்களை மிரட்டுவார். ஊரார் எழுத்துப் பிழைகளை எல்லாம் பொறுக்கி எடுக்கிற கண்ணுக்குத் தாயக்கட்டையில் மூன்று புள்ளி தெரியாமல் போய்விடும்!

வெளியாட்கள் முதன்முதலில் ஆடியது அந்தப் பெஞ்சுக்கு முன்னால்தான். ஒருநாள் தொழிலாளர் சங்கத்துச் செயலாளரும் ஒரு பண்ணையின் காரியக்காரரும் ஒரே நேரத்தில் வந்துவிட்டார்கள். அறுவடைக் கூலித் தகராறு உச்சத்தில் இருந்தது. இரண்டு பேர் நோட்டீஸும் ஒரே மெஷினில் ஓட வேண்டும். ஒருவரை ஒருவர் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்கள். அம்மா குறுக்கே ஒரு ஸ்டூலைப் போட்டு அட்டையை வைத்தாள். "ப்ரூஃப் வர நேரமாவும். சும்மா ஆடுங்க" என்றாள். சும்மா இருக்கக் கை வருமா? பித்தளைக் கட்டையைப் பார்த்ததும் காரியக்காரர் உருட்டிவிட்டார்.

நடுவில் கூலித் தகராறு என்று ஒரு கட்டம். அதில் விழுந்தவர் எதிராளி தாயம் போடுகிற வரைக்கும் சும்மா நிற்க வேண்டும். காரியக்காரர் விழுந்தார். செயலாளர் எழுந்து நின்று கை தட்டினார். "இங்கயாவது பேச்சுவார்த்தைக்கு வாங்கய்யா!" அடுத்த சுற்றில் அவரும் அதே கட்டத்தில் விழுந்தார். "இப்ப எப்படி இருக்கு தோழர்? நெல்லு உதிருது பாருங்க!" என்று காரியக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டார். இந்தக் கட்டம் பண்ணைக்குச் சாதகம் என்றார் அவர். தொழிலாளிக்குச் சாதகம் என்றார் இவர். அப்பா பயந்துபோய் உள்ளே ஓடிவந்து அந்தக் கட்டத்தை எடுத்துவிடு என்றார். "ரெண்டு பேரும் கத்தறாங்கல்ல? அப்ப கட்டம் சரியாத்தான் இருக்கு" என்றாள் அம்மா. ப்ரூஃப் தயாராகி வெகுநேரம் ஆகியும் இருவரும் எழுந்திருக்கவில்லை.

அன்றைக்குத்தான் அப்பாவுக்கு வியாபாரம் கண்ணில் பட்டது. ஆட்டத்துக்குக் கடைமடை என்றே பெயர் வைத்தோம். தாயக்கட்டை பாத்திரக்காரர்கள் தெருவில் செய்தது. காய்கள் சட்டைப் பொத்தான். முதல் ஈடு பெட்டிகள் தயாராவதற்குள் அப்பாவின் பழைய சட்டைகள் எல்லாம் திறந்த மார்போடு கொடியில் தொங்கின.

நாகப்பட்டினத்தில் நோட்டு, பேனா, விளையாட்டுச் சாமான் விற்கும் பாய் ஒருவர் எங்களிடம் ரசீதுப் புத்தகம் அடிப்பவர். அவரிடம் முதல் பெட்டியைக் காட்டினோம். ஆட்டத்தை ரசித்துவிட்டு அட்டையைத் திருப்பினார். இரண்டு தலைவர்களும் தோளில் கைபோட்டுச் சிரித்தார்கள். "அல்லாவே! இத எந்தக் கட்சிக்காரன் வாங்குவான் தங்கச்சி? ரெண்டு பக்கமும் அடி விழும்" என்றார். ராவும் பகலுமாக உட்கார்ந்து எல்லா அட்டைக்கும் முதுகில் காலிகோ ஒட்டினோம். வேளாங்கண்ணித் திருவிழாவுக்கு அவர் கடை போடுவார். அதில் ஒரு மூலையை எங்களுக்குக் கொடுத்தார்.

கொடியேற்றத்துக்கு முதல்நாளே மூன்று பேரும் போய்ச் சேர்ந்தோம். அப்பப்பா, என்ன கூட்டம்! மெழுகுவர்த்தி வாசனை, பொரி வாசனை, மீன் வறுக்கிற வாசனை. அப்பா ஒரு துணியை விரித்து, வருகிற போகிறவர்களை எல்லாம் பிடித்து உட்கார வைத்து ஆட வைத்தார். நடந்தே வந்த யாத்ரீகர்கள் காலை நீட்டி உட்கார்ந்து ஆடினார்கள். தோற்றவர்கள் வாங்கிக்கொண்டு போனார்கள், வீட்டில் போய் ஜெயிக்கலாம் என்று. எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.

அம்மா மட்டும் தெற்கே போகிற பஸ் வந்தால் நிமிர்ந்து பார்ப்பாள். அதில் ஏறினால் முக்கால் மணி நேரத்தில் அவள் ஊர். ஏழு வருஷத்தில் அவள் அவ்வளவு பக்கத்தில் வந்ததே இல்லை. "போவோமாம்மா?" என்று கேட்டேன். "கூப்புடாம எப்படிடி போவேன்?" என்றாள். பிறகு பெட்டிகளை அடுக்க ஆரம்பித்தாள், ஏற்கெனவே அடுக்கியிருந்த பெட்டிகளை.

நாலாம் நாள் சாயங்காலம் கூட்டத்தை இடித்துக்கொண்டு ஒருவர் வந்தார். கையில் எங்கள் பெட்டி. வேகமாக அட்டையை எடுத்துக் கடைப் பலகையில் போட்டு, கீழ் மூலையில் விரலால் குத்தினார்.

"யாரு போட்டது இத? யாருங்கறேன்! எங்க ஊரு மதகுக்கு மூணு கண்ணு. ரெண்டு போட்டு வச்சிருக்கீங்க! ஊர்ப்புள்ளைவ வாங்கியாந்து காட்டுதுவ. தெரியலைன்னா தெரிஞ்சவங்களக் கேட்டுப் போடறது!"

தண்ணீர் விட மதகில் இருக்கும் வாசலைத்தான் கண் என்பார்கள். எனக்குச் சுரீரென்று ஏறியது. கட்டுக் கட்டாகப் பெட்டி சுமந்து வந்தவளிடம் ஒரு கண்ணுக்காகச் சண்டை போட வந்திருக்கிறாரே, யார் இந்த ஆள்! வாயைத் திறந்துவிட்டேன். அம்மா என் கையைப் பிடித்து அழுத்தினாள். அப்புறம்தான் பார்த்தேன், அப்பா மெதுவாக எழுந்து நிற்பதை. தலை நரைத்திருந்ததால் எனக்கு அடையாளம் தெரியவில்லை. மாமா.

அம்மா அட்டையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"நான் பாக்கும்போது ரெண்டுதாண்ணே இருந்துச்சு."

மாமாவின் விரல் அந்த மதகின் மேலேயே நின்றுபோனது. அப்பா கையைப் பிசைந்தார். பாய்தான் காப்பாற்றினார். யார் என்ன என்று அவருக்குத் தெரியாது, வாங்கின சரக்கைத் திருப்ப வந்த ஆள் என்று நினைத்துக்கொண்டார். "கோவிக்காதீங்க, கோவிக்காதீங்க. ஒரு ஆட்டம் ஆடிப் பாத்துட்டுக் கொறை சொல்லுங்க" என்று மாமாவின் தோளைப் பிடித்து அழுத்தி அப்பாவுக்கு எதிரே உட்கார வைத்துவிட்டார்.

இரண்டு பேரும் முகத்தைப் பார்க்காமல் ஆடினார்கள். மாமாவுக்குத் தாயமே விழவில்லை. அணைக்குப் பக்கத்திலேயே கிடந்தார். அப்பா மளமளவென்று இறங்கி, கடைசிக்கு இரண்டே கட்டம் என்கிற இடத்துக்கு வந்துவிட்டார். இரண்டு விழுந்தால் ஜெயம். உருட்டினார். ஒரு கட்டை சரியாக இரண்டு காட்டியது. இன்னொன்று துணி மடிப்பில் சாய்ந்து நின்றது. மூன்றா, வெறும் பக்கமா? நான் அப்பாவின் வாயையே பார்த்தேன். வெறும் பக்கம் என்று சொல்லப்போகிறார், சொன்னால் இந்தத் துணியை உருவிக் கடலில் வீசிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன்.

அப்பா குனிந்து அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"மூணு" என்றார். "ரெண்டும் மூணும் அஞ்சு. நான் அடைச்சுட்டேன் மச்சான். அஞ்சும் உங்களுக்கு."

மாமா காயைத் தொடவில்லை.

"அன்னிக்கும் இதே மாதிரிதான் மச்சான். எழுத்து நல்லாத் தெரிஞ்சுது. உங்க பேரு தெரிஞ்சுது. படிச்சுட்டுத்தான் அடிச்சேன். தெரியலைன்னு சொல்லிட்டேன்." அச்சகத்துப் பெஞ்சில் அத்தனை பேரையும் சிரிக்க வைத்த மனுஷர், திருவிழாக் கூட்டத்துக்கு நடுவில், பொத்தான் இல்லாத சட்டையோடு அழுதார்.

மாமா பொத்தானை எடுத்து ஒவ்வொரு கட்டமாக ஐந்து கட்டம் வைத்தார். அவசரமே படவில்லை. பிறகு கட்டைகளைப் பொறுக்கி அப்பாவின் உள்ளங்கையில் வைத்தார்.

"உருட்டுங்க மாப்பிள்ளை" என்றார்.

அந்த ஆட்டத்தில் யார் ஜெயித்தது என்பது கடைசிவரை வழக்குத்தான். மாமா, "நான்தான்" என்பார். அப்பா, "நான்தான்" என்பார். பாயைச் சாட்சிக்குக் கூப்பிட்டால், "நான் அப்ப டீ குடிக்கப் போயிட்டேன்" என்று நழுவிவிடுவார்.

இப்போது கம்பெனியின் கதையையும் இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன், இதற்காகத்தானே கேட்கிறார்கள். பாயின் பிள்ளை வளைகுடாவுக்கு வேலைக்குப் போனபோது பத்துப் பெட்டி கொண்டுபோனான். அங்கே ஒரு அறைக்குப் பத்துப் பேராகப் படுத்துக் கிடந்த நம் டெல்டாப் பையன்கள் பாலைவனத்தில் உட்கார்ந்து கடைமடைக்குத் தண்ணீர் விட்டார்கள். இன்னும் அனுப்புங்கள் என்று கடிதமாக வந்தது. அச்சகத்தை மூடிவிட்டு ஆட்டங்களுக்கென்றே ஷெட் போட்டோம். இன்றைக்கு இருபது வகை விளையாட்டு செய்கிறோம். நான்தான் முதலாளி, எல்லோரையும் திட்டுவதும் நான்தான். இரண்டாம் ஈட்டிலிருந்து மதகுக்கு மூன்று கண் போட்டாயிற்று. அதற்காகப் படம் அச்சடிக்கும் பிளாக்கை மாற்றியபோது அப்பா முணுமுணுக்கவே இல்லை. முதல் ஈட்டு அட்டை யாரிடமாவது இருந்தால் பத்திரமாக வையுங்கள். முதுகுத் துணியை மட்டும் உரிக்காதீர்கள்.

அன்றைய சாயங்காலத்தை நான் இன்னும் முடிக்கவில்லை. ஆட்டம் முடிந்ததும் மாமா எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார். அம்மாவைப் பார்த்து, "கெளம்பும்மா. வந்து எண்ணிப் பாரு, ரெண்டா மூணான்னு" என்றார். அம்மா கடையைப் பார்த்தாள், பெட்டிகளைப் பார்த்தாள். "போடி, நான் பாத்துக்கறேன்" என்றார் அப்பா. அவள் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடினாள். நானும் பின்னால் ஓடினேன். பஸ்ஸில் ஜன்னல் சீட்டை எனக்குத் தரவே இல்லை.

ஊருக்குள் நுழையும் முன்பே இறங்கிவிட்டோம். வெளிச்சம் இன்னும் இருந்தது. மதகில் தண்ணீர் குபுகுபுவென்று ஓடியது. அம்மா ஒன்று, இரண்டு, மூன்று என்று விரல் நீட்டி எண்ணினாள். நம்பிக்கை வராமல் திரும்பவும் எண்ணினாள். "பழைய செவுத்த இடிச்சுட்டுப் புதுசாக் கட்டிட்டாங்கம்மா" என்றார் மாமா. "அந்த நோட்டீசு ஒட்டுன செவுரே இப்ப இல்ல. நெலத்தையும் விடல, குத்தகைப் பதிவுல பேரு ஏறிடுச்சு." அம்மா குனிந்து ஓடும் தண்ணீரில் கையை விட்டாள். "வந்து சேந்துடுச்சு" என்றாள், சிரித்துக்கொண்டே, கண்ணைத் துடைக்காமல்.

வீட்டில் அத்தை எங்களைப் பார்த்ததும் நேரே உள்ளே போய் டிரங்குப் பெட்டியைத் திறந்தாள். ஒரு பட்டுப்பாவாடையை எடுத்து வந்து மாமாவின் கையில் கொடுத்தாள். அரக்குக் கலர், மயில்கழுத்துப் பார்டர், மடிப்புக் கலையாமல் இருந்தது. என் சடங்குக்கு எடுத்தது. மாமா அதை வாங்கி, கும்பகோணம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்து, திரும்பிப் போனாராம்.

மாமாவைத் திட்டுவதற்கு ஆறு வருஷமாக நான் சேர்த்து வைத்திருந்த வார்த்தைகள் கொஞ்சமா நஞ்சமா? அத்தனையையும் ஓரமாக வைத்துவிட்டு அந்தப் பாவாடையை வாங்கிப் புடவைக்கு மேலேயே சுற்றிக்கொண்டேன். முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே வரைக்கும்தான் வந்தது. இடுப்பு எட்டவில்லை, அத்தை ஊக்குக் குத்தினாள். அப்படியே கூடத்தில் மணையைப் போட்டு உட்கார்ந்தேன்.

"மாலை எங்க மாமா?" என்று கேட்டேன்.